ஒடீலியா உள்ளே வரவில்லை

எங்கள் ஆற்றங்கரைக்கு எங்கள் பேச்சு பேசுகிற ஒரு நர்ஸ் வேண்டும் என்று நடையாய் நடந்து, கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவன் இசித்ரோ. அந்த நடையில் பாதி என் வள்ளத்தில்தான் நடந்தது. நான் இந்த ஆற்றின் பூர்வகுடியான நோபே இல்லை. கடற்கரையில் பிறந்த கறுப்பன். என் தாத்தன் வாழைத் தோட்டத்துக்குத் தண்டவாளம் போட ஜமைக்காவிலிருந்து வந்தவன். பெயர் வில்ஃபிரட், ஊருக்கு ஃப்ரெட். பெண் கட்டியது இந்த ஆற்றில், என் மகள்கள் பேசுவது நோபே, நானும் தூக்கத்தில் நோபேயில்தான் உளறுகிறேன் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். ஆனாலும் ஊர்க்கூட்டம் என்று வந்தால் எனக்கு ஓரத்துப் பெஞ்சுதான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கு எல்லார் முகமும் தெரியும்.

இதற்கு முன்னால் சுகாதார நிலையத்தில் இருந்தவள் தாவித் நகரத்து மாரிசெல். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அதையே இன்னும் உரக்கச் சொல்வாள். அப்படியும் புரியவில்லை என்றால் காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்துவாள். சேற்றில் பாதி நாள் நடந்து, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்த பெண்ணிடம் அவள் முதலில் கேட்பது, ஏன் இவ்வளவு தாமதம் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கவா அவ்வளவு தூரம் நடப்பார்கள்? பெண்கள் வருவதைக் குறைத்தார்கள். அப்புறம் நடக்க முடியாமல் போனபோது மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாமதம் இன்னும் கூடியது.

அவள் காலத்தில்தான் இசித்ரோவின் தம்பி அகபீத்தோவை எக்கிஸ் கடித்தது. முதுகில் பெருக்கல் குறி பெருக்கல் குறியாகப் போட்டிருக்கும் பாம்பு. கடித்தால் கை கால் வீங்கும், ஈறிலிருந்து ரத்தம் கசியும், ரத்தம் உறையாது. பாம்பு கடித்தவன் படுத்திருக்கும் வீட்டுக்குள் கர்ப்பிணி காலடி வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆற்றில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவள் பார்வை பட்டால் விஷம் மறுபடியும் எழும்பும், ரத்தம் நிற்காது. மாரிசெலுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரியும் மாதம். வாசலில் பெண்கள் கை கோத்து நின்று வேண்டாம் வேண்டாம் என்று தங்கள் பேச்சில் கெஞ்சினார்கள். நோயாளியை ஒளித்து வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் பிடித்துத் தள்ளி உள்ளே போனாள். கையில் விஷமுறிவு மருந்து இல்லை, இருந்தது வலி மாத்திரையும் கட்டுத்துணியும். மறுநாள் மத்தியானம் அகபீத்தோ செத்தான்.

ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. மருந்து இல்லாமல் செத்தான் என்று நான் நினைத்தேன், ஆனால் அதை ஓரத்துப் பெஞ்சிலிருந்து சொல்லி என்ன பயன். இசித்ரோ மட்டும் இரண்டையும் சேர்த்து நினைத்தான். மருந்தும் வேண்டும், அந்த மருந்தை நம் மரியாதை தெரிந்த நம் ஆள் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னான். கொக்கோ உடைத்துக் கறுத்த கையை மடக்கிக்கொண்டு, எந்தச் சத்தமும் போடாமல் சொன்னான். அதற்குப் பிறகு அவனைப் பட்டணத்துக்கு ஏற்றிக்கொண்டு போவதே எனக்கு வேலையாகிவிட்டது. ஆற்றில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. முகத்துவாரம் தாண்டியதும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பான். வாயைக் கழுவிவிட்டு, அதிகாரியிடம் என்ன கேட்க வேண்டும் என்று என்னிடம் சொல்லிப் பார்ப்பான்.

அதிகாரிகளுக்கும் அப்போது ஒரு புதுத் திட்டம் வந்திருந்தது. மலைச்சாதிக்காரர்கள் ஏன் நகரத்துக்காரர்களைவிடச் சீக்கிரம் சாகிறார்கள் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்களாம். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, மக்கள் பங்கேற்பு மக்கள் பங்கேற்பு என்று சொல்லிச் சொல்லி எங்களுக்குக் காது புளித்துவிட்டது. இருந்தாலும் கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. சூரிய ஒளியில் ஓடும் குளிர்பெட்டி ஒன்று வந்தது. அதைப் புதுப்பெண் மாதிரி நடு வள்ளத்தில் உட்கார வைத்து நான்தான் கொண்டுவந்தேன். அதற்குள் விஷமுறிவு மருந்து. அதோடு ஒடீலியா.

ஒடீலியா மேலாற்றுப் பெண். பட்டணத்தில் தங்கிப் படித்தவள். நகரத்துத் தெருவில் எங்கள் பெண்களின் நீளமான நாகுவா உடுப்பைப் பார்த்தால் சிரிப்பார்கள், அவள் கடைசிவரை அதையேதான் உடுத்திக்கொண்டு படித்தாள். வந்த கொஞ்ச நாளில் நிலையத்தின் பெஞ்சு நிறைந்தது. பெண்கள் அவளிடம் ரத்தம் போவதைச் சொன்னார்கள், புருஷன் அடித்ததைச் சொன்னார்கள், வீட்டில் அவித்த பிஃபாப் பழத்தை இலையில் கட்டிக் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு ஆளனுப்பினால் சேற்றில் ஓடுவாள். அந்த வருஷம் ஆற்றில் பிரசவத்தில் ஒருத்தியும் சாகவில்லை. என் பெரிய மகளுக்கும் அவள்தான் பார்த்தாள். அதனால் அவளைப் பற்றி யாராவது குறைசொன்னால் எனக்குப் பொறுக்காது, இன்றைக்கும்.

அவளை வரவேற்ற கூட்டத்தில்தான் ஒரு கிழவி எழுந்து கேட்டாள், நீயும் நாளைக்கு வயிற்றைத் தள்ளிக்கொண்டு பாம்பு கடித்தவன் வீட்டுக்குள் நுழைவாயா என்று. எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒடீலியாவும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அப்படி ஒரு நாள் வந்தால் வாசலுக்கு வெளியே நின்று, எனக்கு இப்படி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், என்னை உள்ளே விடுவதும் விடாததும் வீட்டுக்காரர்கள் பாடு என்றாள். கூட்டம் முழுக்கக் கை தட்டியது. இசித்ரோ என்னைத் திரும்பிப் பார்த்தான், பார்த்தாயா நம் பெண்ணை என்பதுபோல. முன்னால் மேஜைக்குப் பின்னே உட்கார்ந்திருந்த அதிகாரியும் கை தட்டினார். அவருக்கு நோபே தெரியாது.

அப்புறம் அந்த டிசம்பர். எங்கள் பக்கத்தில் மழைக்குக் காலம் என்று ஒன்று கிடையாது, ஆனால் டிசம்பர் மழை தனி. மேலே பார்த்தால் தூறல்தான், ஆனால் அது விடாது. கொக்கோ காயாது. உடைத்த கொட்டைகளைப் பெட்டியில் புளிக்கப்போட்டு, வீட்டுக்கு வெளியே இருக்கும் பரணில் பரப்பி, தூறல் வரும்போதெல்லாம் தகரத்தை இழுத்து மூடி, வெயில் கீற்று தெரிந்தால் திறந்து, இப்படியே நாள் போகும். இசித்ரோவின் மூட்டைகளை ஏற்றத்தான் அன்று காலையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓடையைத் தாண்டி மேட்டில் வீடு. மூட்டை தயாரில்லை. அவன் மனைவி துலியா எனக்கு அவித்த வாழைக்காயும் சர்க்கரை போடாத கொக்கோவும் கொடுத்துவிட்டு, மழையைத் திட்டிக்கொண்டிருந்தாள். துலியா திட்டினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மழை, வியாபாரி, மருமகன் எல்லாரையும் ஒரே மூச்சில் திட்டுவாள்.

இசித்ரோ காய் உடைத்துக்கொண்டிருந்தான். உடைத்த ஓடுகள் பக்கத்தில் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஓட்டுக் குவியலில் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இது தெரியாதவன் இல்லை அவன். ஓடுகளோடு விழுந்த கத்தியை எடுக்கக் கையை விட்டான். சத்தமே போடவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து, “எக்கிஸ்,” என்றான். அவ்வளவுதான். துலியா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம்.

“பயப்படாதே,” என்று அவனே மனைவியிடம் சொன்னான். “மருந்து இருக்கு. ஒடீலியா இருக்கா. எதுக்கு இத்தனை நாள் அலைஞ்சேன்? ஃப்ரெட், போய்க் கூட்டிட்டு வா.”

நான் ஓடினேன். வயிறு பெருத்த ஆள் நான், அன்றைக்கு ஓடினேன். ஒடீலியா ஒரு கேள்வி கேட்கவில்லை. மருந்தைப் பனிப்பெட்டியில் வைத்தாள், ஊசி, குழாய், உப்புநீர்ப் பை எல்லாம் தயாராக ஒரே பைக்குள் இருந்தது. இதற்காகத்தானே படித்தாள். வழியில் அவள் முன்னால் போனாள், நான் இரைத்துக்கொண்டே பின்னால். எனக்குப் பயமே இல்லை. அகபீத்தோவுக்கு இல்லாத எல்லாம் இவனுக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

கொக்கோ காயும் பரணுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அங்கிருந்து வாசல் கூப்பிடு தூரம்கூட இல்லை.

“ஃப்ரெட்டண்ணே,” என்றாள். “எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உறுதியா என்று கேட்டேன். நிலையத்துச் சோதனைப் பட்டையிலேயே பார்த்துவிட்டாளாம். வாழைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் புருஷனுக்கே இன்னும் சொல்லவில்லையாம்.

“அப்ப யாருக்குமே தெரியாதுல்ல? பேசாம உள்ள போய் ஊசியப் போட்டுட்டு வா. வயித்த எவன் பாக்கப் போறான்?”

“நீங்க சொல்லலாம்ண்ணே,” என்றாள். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் நான் ஓரத்துப் பெஞ்சுதான்.

“பட்டணத்துல படிச்சவ தானே நீ? அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிக் குடுக்கலையா?”

“குடுத்தாங்க. பரிட்சையிலயே கேட்டாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு எழுதினேன், மார்க்கு போட்டாங்க.” கையில் பனிப்பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். “இங்க வந்து நின்னா கால் வரமாட்டேங்குது. இந்த மருந்து போட்டும் சில பேரு சாகறாங்க அண்ணே. நான் போய் அவரு செத்துட்டா? எனக்குத் தெரியுமே, நான் எப்படிப் போனேன்னு.”

அதற்குள் துலியா வாசலுக்கு வந்துவிட்டாள். ஏன்டி அங்கேயே நிற்கிறாய் என்று கத்தினாள். ஒடீலியா பரணுக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே, கூட்டத்தில் சொன்னபடியே, வாய்விட்டுச் சொன்னாள். “அக்கா, நான் மாசமா இருக்கேன். மருந்து கொண்டுவந்திருக்கேன். உள்ள வரட்டுமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க.”

துலியாவின் முகத்தை நான் பார்த்தேன். அகபீத்தோ செத்தபோது வாசலில் கை கோத்து நின்றவர்களில் அவளும் ஒருத்தி. அவள் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள், ஒடீலியாவைப் பார்த்தாள். வைத்தியர் கத்தலீனோ ஊரில் இருந்திருந்தால் ஓடிப்போய்க் கேட்டிருப்போம், அவர் ஏதாவது பரிகாரம் சொல்லியிருப்பாரோ என்னவோ. அவர் மலைக்கு அந்தப் பக்கம் காப்பி பறிக்கப் போயிருந்தார்.

“வராதே,” என்றாள் துலியா. “அங்கேயே நில்லு. இந்தப் பக்கம் பாக்காதே.”

உள்ளேயிருந்து இசித்ரோவின் குரல் கேட்டது. ஒடீலியா வந்துவிட்டாளா என்று கேட்டான். “வர்றா, வர்றா,” என்று சொல்லிக்கொண்டே துலியா உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே என்மேல் எரிச்சல் வருகிறது. ஒடீலியா பரணுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சதையில் போடும் ஊசி இல்லை, நரம்பில் ஏற்ற வேண்டும், சொட்டுச் சொட்டாக. கயிறு முடிவேன், எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவேன், இது என் கைக்கு வருமா? வீங்காத கையில் நரம்பைத் தேடிக் குத்தினேன். தவறிவிட்டது. இன்னொரு இடத்தில் குத்தினேன். அதுவும் தவறி, குத்தின இரண்டு இடத்திலிருந்தும் ரத்தம் கசிய ஆரம்பித்தது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. இசித்ரோ என் கையைப் பார்த்துவிட்டு, “நீ ஏன்டா குத்தறே, அவ எங்கே?” என்றான். வழியில் வழுக்கி விழுந்து மெதுவாக வருகிறாள் என்று துலியா சொன்னாள்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். பட்டணத்து ஆஸ்பத்திரிதான் மிச்சம். தூளிக்கட்டிலைக் கம்பில் கட்டி நானும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தூக்கினோம். ஒடீலியா முன்னாலேயே இறங்கிப்போய், வேறு வழியாகத் துறைக்கு வந்து, பனிப்பெட்டியை என் வள்ளத்தில் வைத்துவிட்டு, நாங்கள் வருவதற்குள் மரத்துக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டி நின்றாள். வள்ளம் கிளம்பும்போது அவள் முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்குவது தெரிந்தது.

ஆறு பெருகி ஓடியது, அதனால் கீழே இறங்குவது சீக்கிரம் முடிந்தது. இசித்ரோ மனைவி மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான். கை தோள்பட்டைவரைக்கும் தொடை பருமனுக்கு வந்துவிட்டது. பனிப்பெட்டி அவன் காலடியில் இருந்தது. ஒடீலியா எங்கே என்று மறுபடியும் கேட்டான். பின்னால் வேறு வள்ளத்தில் வருகிறாள் என்றாள் துலியா. அதை நம்பினான். நம்பியதும் கொஞ்சம் தெளிந்து என்னிடம் பேசினான்.

“ஃப்ரெட், அவளை வாங்கிட்டு வர்றதுக்கு நான் எத்தனை தடவை இந்தக் கடல்ல வாந்தி எடுத்திருப்பேன்?”

“மீனுங்கல்லாம் உன்னாலதான்டா கொழுத்துச்சு,” என்றேன். சிரித்தான். பல்லெல்லாம் ரத்தம்.

முகத்துவாரத்தில் வடக்குக் காற்று. அலை வள்ளத்துக்குள் விழுந்தது. துலியா ஒரு கையால் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீரை இறைத்தாள். நான் வேகத்தைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. பட்டணத்துப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் துலியா தண்ணீர் இறைப்பதை நிறுத்தினாள். நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளவயது டாக்டர் பனிப்பெட்டியைத் திறந்து பார்த்தார். மருந்து குளிர் குறையாமல் இருந்தது. இது உங்கள் கையிலேயே இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். போடத் தெரிந்த ஆள் இல்லையா என்றார். இருந்தாள் என்றேன். அப்புறம் ஏன் என்றார். ஸ்பானிஷில் விளக்கமாகச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது, இந்த மலைச்சாதிக்காரர்கள் திருந்த மாட்டார்கள் என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவர் சட்டையையும் பிடித்து உலுக்கவும் வந்தது. யாரையும் உலுக்கவில்லை. இசித்ரோவை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

ஊர் ஒடீலியாவை மன்னித்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள் அல்லவா? அதுதான் இல்லை. பரண்வரைக்கும் ஏன் வந்தாள் என்றார்கள். அவள் கை பட்ட மருந்துப் பெட்டி அவன் காலடியில் போனதே, அது போதாதா என்றார்கள். மருந்தைக் கொடுத்தனுப்பிவிட்டு நிலையத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டவள், அவள் கையால் இரட்டைப் பிள்ளை பெற்றவள். பெஞ்சு காலியாகத் தொடங்கியது. பட்டணத்திலிருந்து விசாரணையும் வந்தது. மூடநம்பிக்கையால் கடமை தவறினாள் என்றார்கள் அதிகாரிகள். உள்ளூர் ஆளை வைத்தால் இதுதான் நடக்கும் என்று நாங்கள் முன்பே சொன்னோமே என்றார்கள். முன்பு கை தட்டியவரும் அதையே சொன்னார். இனி நகரத்திலிருந்து ஓர் ஆண் நர்ஸ் வருவானாம். பாம்புக் கடிக்கு நல்லதுதான். பிரசவத்துக்கு எங்கள் பெண்கள் ஓர் ஆணை வாசல் மிதிக்க விட மாட்டார்கள். அதை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல இசித்ரோ இல்லை.

வயிறு வெளியே தெரிகிற மாதத்தில் ஒடீலியாவைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். காலையில் என் வள்ளத்தில் ஒரு மூட்டையோடு வந்து உட்கார்ந்தாள். துறையில் வழியனுப்ப ஒருவரும் இல்லை, என் மகளைத் தவிர. கிளம்பப் போகும்போது துலியா கொக்கோ மூட்டைகளோடு வந்தாள். அவள் இப்போது யாரையும் திட்டுவதில்லை. மூட்டைகளை ஏற்றிவிட்டு ஒடீலியாவுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீர் அகன்று எஞ்சின் சத்தம் தணிகிற இடத்தில், துலியா கேட்டாள்.

“அன்னைக்கு நீ பாட்டுக்கு உள்ள வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுக்கா.”

“அவருக்கு?”

“அவருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“பின்ன எதுக்குடி எங்கிட்டச் சொன்னே?”

ஒடீலியா வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். “கூட்டத்துல எல்லாரும் கேட்டீங்கக்கா,” என்றாள். “சொல்றேன்னேன்.”

“கேட்டோம்.” துலியா தலையை ஆட்டினாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. “சொல்லாம வந்து, அப்பறமும் அவரு போயிருந்தா, நீ கொன்னேன்னு வாய் வலிக்கத் திட்டிட்டு இருந்திருப்பேன். நீ சொல்லிட்டே. வேண்டாம்னு சொன்னது நான். அவரு உள்ள கிடந்து உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாரு, வர்றான்னு சொன்னதும் நான். இப்ப யாரைத் திட்டச் சொல்றே?”

ஒடீலியா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்காரப் பார்த்தாள். துலியா கையை நீட்டித் தடுத்தாள்.

“அங்கேயே இரு,” என்றாள்.